அசையாத மேலுதடு

எங்கள் நிறுவனம் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். நோய் வந்தவர்கள் போன் செய்வார்கள். நாங்கள் முடியாது என்போம். ஒரு மாடி நிறைய ஆட்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை இதைத்தான் செய்தோம்.

முடியாது என்பதில் பல வகை உண்டு. உங்கள் திட்டத்தில் இந்த நோய் இல்லை என்பது எளிய வகை. நோய் இருக்கிறது, உறுப்பு இல்லை என்பது அடுத்தது. நோயும் உறுப்பும் சேர்ந்தே இருந்துவிட்டால், முன்கூட்டியே நீங்கள் தெரிவிக்கவில்லை என்போம். மாரடைப்பு வரப்போகிறவர் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நான் இந்த வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். குரல் கொஞ்சம் கனிவு. நான் முடியாது என்று சொன்னால் சிலர் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள்.

ஆனால் பலர் கத்தினார்கள். கத்துகிறவர்கள் கூடிக்கொண்டே போனதால் தலைமை அலுவலகம் எங்களுக்கு ஒரு தைரிய அதிகாரியை அனுப்பியது.

அவர் சில வாரப் பயிற்சிக்காக வெளிநாடு போய்வந்தவர். மற்றவர்கள் அங்கிருந்து சென்ட் பாட்டில் கொண்டு வருவார்கள். இவர் ஆங்கிலச் சொலவடைகளைக் கொண்டுவந்தார். முதல் நாளே எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார்.

"வெள்ளைக்காரன் பாதி உலகத்தை எதை வச்சுப் பிடிச்சான்?"

"பீரங்கி வச்சு சார்" என்றான் ரேடியோ. ரேடியோ எனக்குப் பக்கத்து இருக்கைக்காரன். ஓயாமல் பேசுவான் என்பதால் அந்தப் பெயர். அவன் சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

"தப்பு. சொலவடையை வச்சு. கஷ்டம் வந்தா என்ன சொல்லணும்னு அவன்கிட்ட ரெடியா ஒரு வரி இருந்துச்சு. நம்மகிட்ட என்ன இருக்கு? ஐயோ, அம்மா. ரெண்டு வார்த்தை. அதுலயும் ஒண்ணு உறவுமுறை."

பிறகு கொள்கையை விளக்கினார். "இனிமே யாருக்கும் முடியாதுன்னு சொல்லக்கூடாது. அது மனிதத்தன்மை இல்ல. போன் பண்றவங்களுக்குத் தைரியம் குடுங்க. தைரியம் வந்தவன் சிகிச்சை கேக்க மாட்டான். கேக்காதவனுக்கு நாம மறுக்க வேண்டியதே இல்ல. பாருங்க, எவ்வளவு அன்பான முறை!"

அன்றே சுவரில் ஒரு பெரிய அட்டை ஏறியது. ஆங்கிலச் சொலவடைகள் தமிழ் எழுத்தில், கீழே பொருள். முதல் வரி 'பைட் த புல்லட்'. தோட்டாவைக் கடி. அந்தக் காலத்துப் போரில் மயக்க மருந்து கிடையாதாம். காலை அறுக்கும்போது சிப்பாயின் வாயில் ஒரு தோட்டாவைக் கொடுப்பார்களாம். அவன் அதைக் கடித்துக்கொண்டு கிடப்பானாம்.

"அந்தச் சிப்பாய் பொழைச்சானா சார்?" என்றான் ரேடியோ.

"அது நமக்குத் தேவையில்லாத விவரம். கத்தினானா? கத்தல."

"நாம சும்மா பல்லைக் கடிச்சுக்கோன்னு சொல்லுவோம் சார். தோட்டா செலவே இல்ல."

தைரிய அதிகாரி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "அதனாலதான் நாம முன்னேறல."

ஆளுக்கொரு எஃகுத் தோட்டா கொடுத்தார்கள். அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கும். ஊழியருக்கு ஏதாவது குறை இருந்தால் அதிகாரியின் கதவுக்கு வெளியே நின்று தோட்டாவைக் கடிக்க வேண்டும். கடித்தும் குறை போகாவிட்டால் கடித்தபடியே உள்ளே வந்து சொல்லலாம். வாயில் தோட்டாவோடு சொன்னது எதுவும் அவருக்குப் புரியவில்லை. புரியாத குறையைக் குறையாகச் சேர்க்க முடியாது. அந்த மாத அறிக்கையில் எங்கள் மாடியில் குறையே இல்லை என்று போட்டார்கள்.

மற்ற வரிகளும் ஒவ்வொன்றாக அமலுக்கு வந்தன. இருட்டில் விசிலடிப்பது தைரியத்தின் அடையாளம் என்று அட்டையில் இருந்ததால், மதிய இடைவேளைக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் விசிலடித்தோம். மின்சாரம் மிச்சமானது தற்செயல் என்றார்கள். கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார் என்று ஒரு அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒரு மாடியே விசிலடித்தது. "அங்க என்னப்பா, கல்யாண வீடா?" என்று கேட்டார் அவர். இல்லம்மா, காப்பீட்டு நிறுவனம்தான் என்றேன்.

அவரே இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் அழைத்தார். "அவர் போயிட்டார் தம்பி" என்றார். நான் அட்டையைப் பார்த்தேன். 'நெவர் ஸே டை'. சாவு என்று ஒருபோதும் சொல்லாதே. அந்த வரியை அப்படியே அவருக்குச் சொன்னேன். அது என் வேலை.

"நான் எங்க தம்பி அந்த வார்த்தையைச் சொன்னேன்?"

உண்மைதான். அவர் சொல்லவில்லை. எங்கள் அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அழைத்தவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாததால் எனக்கு ஒரு நல்ல மதிப்பெண் விழுந்தது.

சிக்கல் வந்தது வேறு இரண்டு வரிகளில். ஒன்று, சிரித்துக்கொண்டே தாங்கு. இன்னொன்று, மேலுதட்டை விறைப்பாக வை, அதாவது அழுகை வந்தாலும் உதடு துடிக்கக்கூடாது. இரண்டையும் ஒரே வாயால் செய்ய முடியவில்லை. பல்லைக் காட்டினால் உதடு நெளிகிறது, உதட்டை நிறுத்தினால் பல் தெரியமாட்டேன் என்கிறது. நாங்கள் முயன்று பார்த்தோம். மாடி முழுக்க ஆட்கள் கண்ணாடி முன் முகத்தைக் கோணிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தலைமை அலுவலகம் வரை கேட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தீர்த்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் என் நாற்காலியின் ஒரு சக்கரம் கழன்றது.

சின்னக் குறைதான். ஆனாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து எவ்வளவு நேரம் தைரியம் சொல்ல முடியும்? அதிகாரியின் கதவு முன் போய் நின்று தோட்டாவைக் கடித்தேன். மனதார அழுத்திக் கடித்தேன். மேலே வலது கோரைப்பல்லில் டக்கென்று ஒரு சத்தம். சத்தம் காதுக்கு வெளியே வரவில்லை, உள்ளேயே கேட்டது. சக்கரம் மறந்தே போயிற்று. அந்த அளவில் இந்த முறை வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலியை அந்தப் பட்டியலில் சேர்க்காதவனுக்குப் பல் வலித்திருக்காது. மறுநாள் காலை என்னால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. பல்லைக் காட்ட அரை நாள் விடுப்பும் சிகிச்சைக்கு ஒப்புதலும் வேண்டும். ஊழியரும் வாடிக்கையாளரே என்பது எங்கள் விதி. எனவே பொது எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும். அழைத்தேன். நீண்ட நேரம் இசை கேட்டது. பிறகு பக்கத்து இருக்கையில் ரேடியோவின் விளக்கு எரிந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வணக்கம் சார். உங்க அழைப்பு பதிவு செய்யப்படுது" என்றான் ரேடியோ. அவன் குரல் எனக்கு ஒரு காதில் போனிலும் மறு காதில் நேரிலும் கேட்டது. "என்ன தொந்தரவு சார்?"

"டேய், பல்லுடா."

"பல்வலிதானே சார். இதுல பயப்பட ஒண்ணுமில்ல." கையால் மேலே சுழலும் பதிவுக் கருவியைக் காட்டிக் கண்ணை உருட்டினான். "அந்தக் காலத்துல போர்க்களத்துல ஒரு சிப்பாய் இருந்தார் சார்..."

"சிப்பாயைத் தெரியும். அந்தத் தோட்டாவாலதான் பல்லே போச்சு."

"அருமை சார். அப்ப பாதி தைரியம் ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு. மீதிப் பாதிக்கு நான் உதவறேன்."

ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தான். "அண்ணே, என் மேல கோவிச்சுக்காதீங்க. ஒப்புதல் குடுத்தா என் மதிப்பெண் அம்பேல். நல்ல டாக்டர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, எனக்கும் ஒரு கடவாய்ப்பல் ஆடுது." கையை எடுத்தான். "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

வேண்டாம் என்று வைத்தேன். என்ன செய்வது? பையன் நன்றாகத்தான் வேலை செய்தான்.

வீட்டில் மனைவி டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிப் பள்ளியின் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். பாதி நாள் அவள் கால் அதன்மேல்தான்.

"சீழ் கட்டியிருக்கு. நாளைக்குப் போறோம்."

"ஒப்புதல் வரல."

"பல்லு யாருக்கு இருக்கு, உங்களுக்கா கம்பெனிக்கா?"

"பொறுத்துப் பார்க்கறேன். கொஞ்சம் தைரியமா இருந்தா..."

"இந்தப் பேச்சை என்கிட்ட வச்சுக்காதீங்க" என்றாள். "பயப்படறவன் பக்கத்துல நான் நிம்மதியா உக்காருவேன். அவன் கண்ணாடி பார்ப்பான், சிக்னல் பார்ப்பான். எனக்குத் தைரியம் ஜாஸ்தி மேடம்னு சொல்லிட்டு ஏறறான் பாருங்க, அவன் பக்கத்துல உக்காந்தாத்தான் எனக்குக் கால் நடுங்கும். போன வாரம் ஒரு தைரியசாலி ரவுண்டானாவை நேரா கடந்தான்."

மறுநாள் மாலை அவளே பல் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கடிப்போம் என்றேன். அதை விட்டுவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார்.

"பல்லை எடுத்தாகணும். மேல் பல்லோட சீழ் கண்ணு பக்கம் ஏறினா விளையாட்டு இல்ல. இப்பவே எடுத்துடலாமா?"

நான் விதியைச் சொன்னேன். ஊழியர் ஒருவர் ஒப்புதல் இல்லாமல் வெளியே பல் எடுப்பது மாதிரி வைத்தியம் செய்துகொண்டால், அது நிறுவனத்தின்மீது அவநம்பிக்கை. அன்றே வேலை போய்விடும். மருத்துவர் தானே எங்கள் எண்ணுக்கு அழைத்தார். அவருக்கும் சிப்பாய் கதை சொல்லப்பட்டது. முழுதும் கேட்டுவிட்டு வைத்தார். சீழ் குறைய மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ரொம்பத் தள்ளிப் போடாதீங்க" என்றார். "என்கிட்ட வரும்போது கத்தணும்னா கத்திக்கலாம். இந்த ரூம்ல அதுக்குத் தடை இல்ல."

காலையில் கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேலுதடு மூக்கு வரை வீங்கி, பலகை மாதிரி நின்றது. பேசினால் கீழுதடு மட்டும் அசைந்தது.

அன்றைக்கு உதட்டுத் தேர்வு.

தேர்வு இப்படி. ஹெட்போனில் பழைய அழைப்புகளை ஓடவிடுவார்கள். அழுகிறவர்கள், கெஞ்சுகிறவர்கள், பேச்சு வராமல் மூச்சு மட்டும் விடுகிறவர்கள் என்று பொறுக்கி எடுத்தவை. தைரிய அதிகாரி நம் மூக்குக்குக் கீழே ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலைப் பிடித்திருப்பார். உதடு துடித்தால் எவ்வளவு துடித்தது என்று குறிப்பார். ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறும் பதிவில் ரேடியோவின் உதடு மடங்கிவிட்டது. அவனுக்கு ஒரு வாரம் உதட்டில் பிளாஸ்திரி போட உத்தரவானது. பிளாஸ்திரியோடு அவன் பேசிய பேச்சு யாருக்கும் புரியவில்லை. போன் செய்தவர்கள் அலுத்துப்போய் வைத்தார்கள். அவன் மதிப்பெண் ஏறியது.

என் முறை வந்தது. குழந்தை மூச்சுத் திணறியது. ஒரு பெரியவர் மகளைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினார். கடைசியாக அந்த அம்மா வந்தார். "அவர் போயிட்டார் தம்பி" என்றார். பின்னால் என் குரலும் இருந்தது. எனக்கு அழுகை மூக்கு வரை வந்தது. உதட்டுக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

தைரிய அதிகாரி ஸ்கேலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒரு மயிரிழைகூட அசையல" என்றார். "பயிற்சிக்குப் போன இடத்துல இப்படி ஒரு உதட்டைப் படத்துலதான் பார்த்தேன். நேர்ல பார்க்கக் குடுத்து வச்சிருக்கணும்."

"தா, வீக்கம் தா" என்றேன். சார், வீக்கம் சார் என்பதைத்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

"என்ன பணிவு!"

அன்று பிற்பகலே என்னைத் தைரியத் தூதர் ஆக்கினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். பக்கவாட்டில் ஒன்று, நேரே ஒன்று. மறுநாள் லிப்ட்டில், கேண்டீனில், கழிப்பறைக் கதவில் எல்லாம் என் முகம். கீழே 'இவர் அசைந்தாரா?' என்று ஒரு கேள்வி. கழிப்பறையில் அதற்கு யாரோ பேனாவால் பதில் எழுதியிருந்தார்கள். ரேடியோவின் கையெழுத்து மாதிரி இருந்தது.

நான் அதிகாரியின் அறைக்குப் போய், வாயில் தோட்டா வைக்க இடமில்லை என்பதைச் சைகையால் காட்டி, எனக்கு விடுப்பு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன்.

"விடுப்பா? தலைவர் வர்றார்!" என்றார். நிறுவனத்தின் தலைவர் அடுத்த வாரம் என்னைப் பார்க்கவென்றே வருகிறாராம். "அதுவரைக்கும் இந்த உதடு உங்க சொந்த உதடு இல்ல. நிறுவனத்தோட உதடு. நல்லா பார்த்துக்கணும். மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா?"

தலையாட்டினேன்.

"நிறுத்திடுங்க. இறங்கிடப் போகுது."

இதை வீட்டில் சொன்னேன். மனைவி மாத்திரையை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, ஸ்பூனை என் வாயில் விட்டாள். "இறங்கட்டும்" என்றாள். இறங்கவில்லை. அந்த வீக்கத்துக்கும் வேலை நிரந்தரமாகிவிட்டது போல. காய்ச்சல் வேறு சேர்ந்துகொண்டது. கண்ணுக்குக் கீழே கனத்தது.

தலைவர் வந்த அன்று கேண்டீன் நாற்காலிகளை எடுத்துவிட்டு மேடை போட்டார்கள். விளைவை ஏற்றுக்கொள் என்ற பொருளில் இசையை எதிர்கொள் என்பதும் அட்டையில் இருந்ததால் ஒரு பேண்டு வாத்தியக் குழு வந்திருந்தது. நாங்கள் அதற்கு எதிரே நின்று எதிர்கொண்டோம். டிரம் அடி ஒவ்வொன்றும் என் பல்லில் விழுந்தது.

தலைவர் பருத்த, சிவந்த, ஆரோக்கியமான மனிதர். ஒலிபெருக்கியைப் பிடித்ததும் அவர் குரல் தழுதழுத்தது.

"எனக்கும் வலி தெரியும். என் முழங்காலை மாத்தினப்போ நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. டாக்டர்கள் அசந்து போனாங்க. மயக்க மருந்து குடுத்திருந்தாங்கதான். அதை ஒரு சாக்கா நான் எங்கயும் சொன்னதில்ல." கைதட்டல். "ஜனங்க என்கிட்ட கேக்கறாங்க, இவ்வளவு பேருக்கு மறுத்துட்டு எப்படித் தூங்கறீங்கன்னு. நான் சொல்றேன், தைரியம் வேணும். ஒரு ஆளுக்கு மறுத்தா மனசு உறுத்தும். லட்சம் பேருக்கு மறுத்துப் பாருங்க, உறுத்தாது. அங்கதான் தலைமைப் பண்பு வருது." மறுபடி கைதட்டல். தைரிய அதிகாரி கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார்.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறினேன். கால் தரையில் பட்டதா என்று நிச்சயமில்லை. தலைவர் என் தோளில் ஒரு கையைப் போட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"இதைப் பாருங்க! இது உதடு இல்ல. இரும்பு!"

சொல்லிவிட்டு, இரும்பைத் தட்டிப் பார்ப்பது போல, இரண்டு விரலால் என் மேலுதட்டில் ஓங்கிச் சுண்டினார்.

வீக்கம் உடைந்தது. அத்தனை நாள் சேர்ந்தது அத்தனையும் அவர் கையிலும், சட்டைக் கையிலும், கொஞ்சம் முகத்திலும் தெறித்தது. மன்னிக்க வேண்டும், நாற்றமும் இருந்தது.

தலைவர் "ஐயோ! அம்மா!" என்று அலறினார்.

பேண்டு அதைத் தொடங்கச் சொல்லும் சைகை என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்தது. தலைவர் தொற்று, தொற்று என்று கத்திக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்தார். ஒரு டாக்டர் வந்தார். இன்னொரு டாக்டர் வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. யாரும் பொது எண்ணுக்கு அழைக்கவில்லை. அவருக்குக் காயம் எதுவும் இல்லை, கையைக் கழுவினால் போதும் என்று ஒரு டாக்டர் சொன்னார். ஆனாலும் தனி அறையில் சேர்த்து இரண்டு நாள் வைத்துக் கழுவினார்கள்.

நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வீக்கம் உடைந்ததில் பாரம் குறைந்திருந்தது. ரேடியோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவன் உதட்டில் பிளாஸ்திரி இருந்தது. கண் சிரித்தது.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் தைரிய அதிகாரி என்னை எழுந்து நின்று வரவேற்றார். இரவெல்லாம் யோசித்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"உங்க வீக்கம் இறங்கிடுச்சு" என்றார். "சிகிச்சை எதுவும் இல்லாம. எப்படி இறங்குச்சு?"

"தலைவர் சுண்டினார் சார்."

"தைரியத்தால இறங்குச்சு." அவர் ஒரு கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தார். "இதுவரைக்கும் நம்மகிட்ட சொலவடை மட்டும்தான் இருந்துச்சு. இப்ப சான்று இருக்கு. போன் பண்றவங்க காத்திருக்கும்போது இனிமே இசை கிடையாது, உங்க குரல்தான். நீங்க ஒரே ஒரு வரி சொல்லணும். 'நான் பல்லைப் பிடுங்கல, தைரியத்தால குணமானேன்.' அவ்வளவுதான். பல் சம்பந்தமான விண்ணப்பம் எல்லாத்தையும் இதை வச்சே முடிச்சிடலாம். பிறகு கண்ணு, காது, மூக்குன்னு ஒவ்வொண்ணா போகலாம். உங்களுக்குப் பதவி உயர்வு. நாற்காலியும் புதுசு."

கருவியில் சிவப்புப் புள்ளி எரிந்தது. நான் வாயைத் திறந்தேன். உதடு இப்போது அசைந்தது. பேசத் தடை எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்து நாக்கு தானாகப் போய்ப் பல்லைத் தொட்டது. பல் அங்கேயேதான் இருந்தது. பொட்டில் ஆணி அடித்தது போல வலி இறங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"உணர்ச்சிவசப்படறீங்க. நல்லது. சொல்லுங்க."

நான் எழுந்தேன். அடையாள அட்டையும் தோட்டாவும் தொங்கிய கழுத்துப் பட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இதைப் பெரிய காரியமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அந்த வரியைச் சொல்லியிருப்பேன். நாற்காலி புதுசு என்றாரே.

மனைவிக்குப் போன் செய்தேன். கற்றுக்கொள்கிற ஒருவனைப் பின் இருக்கைக்கு மாற்றிவிட்டு, பயிற்சிக் காரிலேயே வந்தாள். பல் மருத்துவமனை வாசலில் இறங்கும்போது அவனிடம் சொன்னாள். "பார்த்தியா, எங்கயும் மஞ்ச விளக்குல நான் பாயல."

பல் வெளியே வந்துவிட்டது. நான் கத்தினேன். மருத்துவர் சொன்னது போல அந்த அறையில் அதற்குத் தடை இல்லை. வாய் நிறையப் பஞ்சை வைத்து, கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் வெளியே உட்காரச் சொன்னார்கள். மனைவி மாத்திரை வாங்கப் போனாள்.

எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டுநர் என்பது சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரிலிருந்து தெரிந்தது. கீழ்த்தாடை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கன்னத்தில் போனை வைக்க முடியாததால் ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்திருந்தார்.

"வணக்கம் சார், உங்க அழைப்பு பதிவு செய்யப்படுது" என்றது போன். ரேடியோவின் குரல். பிளாஸ்திரியை எடுத்துவிட்டார்கள். "பல்வலிதானே சார். எங்க ஊழியர் ஒருத்தருக்கு உங்களை மாதிரிதான் சார், மூஞ்சி முழுக்க வீக்கம். அவர் பல்லைப் பிடுங்கவே இல்ல. தைரியமா இருந்தார். மேடையில நிக்கும்போதே குணமாயிடுச்சு சார். இப்ப முழு ஆரோக்கியத்தோட இருக்கார்."

"அப்படியா?" என்றார் ஓட்டுநர். "பிடுங்காமலேயா?"

"பிடுங்காமலே சார்."

"அப்ப நானும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கறேன் தம்பி." அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் பேச முடியாது. எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். பஞ்சை வெளியே எடுத்தேன். வாயை முழுதாகத் திறந்து, மேலுதட்டை விரலால் தூக்கி, ஓட்டையைக் காட்டினேன். ரத்தம் மோவாயில் வழிந்தது. பிறகு போனைக் காட்டினேன், என்னைக் காட்டினேன், மறுபடி ஓட்டையைக் காட்டினேன்.

அவர் ஓட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"அடுத்தவங்க உள்ள வாங்க" என்று உதவியாளப் பெண் கதவைத் திறந்தாள்.

ஓட்டுநர் போனை அணைக்கவில்லை. அதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நான் பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன் பேசிக்கொண்டே இருந்தது. போர்க்களம், சிப்பாய், இருட்டு, விசில் என்று ரேடியோ ஒரு வரி விடாமல் சொன்னான். குறை சொல்ல முடியாது, நல்ல ஏற்ற இறக்கத்தோடுதான் சொன்னான். கடைசியில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள்.

"முடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சார். எங்ககிட்ட பேசினதுக்கப்புறம் உங்க தைரியம் எப்படி இருக்கு? சத்தமா சொல்லுங்க சார், தலைவர் நேரடியா கேப்பார்."

உள்ளே ஓட்டுநர் அலறினார்.

நான் எழுந்துபோய்ப் போனைக் கதவிடுக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.